முந்திரிப்பழம் புளிக்கும் நேரம்

குன்னம் சட்டமன்றத் தொகுதி இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மேற்கே பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல். கிழக்கே அரியலூர் மாவட்டத்தின் செந்துறை வட்டம். அந்தப் பக்கம் போகப் போக மண் சிவக்கும், முந்திரிக்காடுகள் தொடங்கும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று நீண்டு, கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், பண்ருட்டி வரைக்கும் அந்தக் காடுகள் போகின்றன.

பங்குனி, சித்திரையில் முந்திரி பழுத்து உதிரும். காலையில் கூடையோடு காட்டுக்குள் போகிறவர்கள் பழத்தின் நுனியில் தொங்கும் கொட்டையைத் திருகி எடுத்துக்கொள்வார்கள். பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே கிடக்கும். பிள்ளைகள் நாலைந்தை எடுத்து உப்புத் தொட்டுத் தின்பார்கள். சட்டையில் பட்ட சாறு கறையாகி நிற்கும். கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் தொண்டை கமறும். மிச்சத்தை ஆடுமாடு தின்னும், அல்லது மண் தின்னும். எடையில் பார்த்தால் பழம் கொட்டையைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு. ஒரு கிலோ கொட்டை வீட்டுக்குப் போகும்போது குறைந்தது ஐந்து கிலோ பழம் காட்டில் தங்கிவிடுகிறது.

உதிர்ந்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது. வெயிலில் தோல் கனிந்து சாறு கசியும். மறுநாள் அந்தக் காட்டுக்குள் நுழைந்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். செந்துறைப் பக்கத்தில் அந்த வாடையை அறியாதவர் இருக்க முடியாது.

இங்கிலாந்தின் சாமர்செட்டிலும் பிரான்சின் நார்மண்டியிலும் ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலும் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து ஒரு பானம் செய்கிறார்கள். அதற்குச் சைடர் என்று பெயர். அதை அனுமதிக்கும் நாடுகளில் பலர் வீட்டிலேயே ஒரு கண்ணாடிக் குடுவையில் சைடர் வைத்து, இஞ்சி, பட்டை, கிராம்பு என்று விருப்பம்போல மணம் சேர்க்கிறார்கள். அவர்கள் குடுவைக்குள் நடக்கும் வேதியியலும் செந்துறை முந்திரிக்காட்டின் தரையில் நடக்கும் வேதியியலும் ஒன்றே. பழச்சாறு புளிப்பதை மனிதர் தொடங்கிவைக்க வேண்டியதில்லை. அது தானாகத் தொடங்கும், தானாகவே ஓடும். அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் மனிதர் கற்றுக்கொண்ட வித்தை. நிறுத்தும் இடத்தைப் பொறுத்து அதே சாறு பழரசமாகலாம், மதுவாகலாம், வினிகராகலாம், வெறும் அழுகலாகவும் போகலாம்.

இரண்டு பொய்க்கனிகள்

ஆப்பிளுக்கும் முந்திரிப்பழத்துக்கும் பார்வையில் ஒற்றுமை குறைவு. தாவரவியலில் இரண்டும் நெருங்கி வருகின்றன. பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவதே கனி. ஆப்பிளில் சூலகம் நடுவிலுள்ள விதைக்கூடு மட்டும். நாம் தின்னும் சதை, பூவின் அடிப்பகுதி பருத்து உண்டானது. முந்திரியில் உண்மையான கனி அந்தக் கொட்டை. பழம் என்று நாம் சொல்வது பருத்த பூக்காம்பு. இரண்டையுமே தாவரவியலார் பொய்க்கனி என்கிறார்கள்.

சாற்றிலும் இவற்றுக்குள் உறவு உண்டு. ஆப்பிள் சாற்றில் சர்க்கரை நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு. முந்திரிச் சாற்றிலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டிலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. இரண்டும் அமிலத்தன்மை உடையவை. வைட்டமின் சி என்று வந்தால் முந்திரிப்பழம் எங்கேயோ போய்விடுகிறது. நூறு கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு அது இருக்கும். ஆரஞ்சைப்போல நான்கு மடங்கு.

தொண்டையைக் கமறவைப்பது டானின். இந்தச் சேர்மம் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு வீழ்படிவாக்கும். வழவழப்புத் தரும் புரதம் போனதும் நாக்கும் தொண்டையும் வறண்டு சுருங்கியதுபோல் தோன்றும். டானினைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. சைடருக்கென்றே சாமர்செட்டிலும் நார்மண்டியிலும் வளர்க்கும் ஆப்பிள் வகைகளைக் கடித்துத் தின்ன முடியாது, அவ்வளவு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் சைடருக்குக் கனத்தைத் தருகிறது. கடையில் வாங்கும் இனிப்பு ஆப்பிளில் செய்த சைடர் நீர்த்துப்போய் நிற்கும்.

முந்திரி நம் மண்ணின் மரமும் அன்று. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதைக் கொண்டுவந்தனர். கோவாவில் கொட்டையோடு பழத்துக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது. அங்கே தானாக உதிர்ந்த பழத்தை மட்டும் பொறுக்கி, மிதித்துச் சாறெடுத்து, பானைகளில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. அந்தப் புளித்த சாற்றைக் காய்ச்சி வடித்தால் முதலில் கிடைப்பது உர்ராக், அடுத்த வடிப்பில் ஃபெனி. முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. வடிப்பதற்கு முன் பானையில் இருக்கும் அந்தச் சாறுதான் முந்திரியின் சைடர்.

குமிழி விடுவது யார்?

சாறு ஏன் நுரைக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1680இல் ஹாலந்தின் லேவன்ஹூக் தான் செய்த நுண்ணோக்கியில் புளிக்கும் பீரின் ஒரு துளியை வைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. அவை உயிருள்ளவை என்று அவர் எண்ணவில்லை. 1789இல் லவாய்சியர் தராசை எடுத்தார். புளிப்பதற்கு முன்பும் பின்பும் நிறுத்துப் பார்த்து, சர்க்கரை பிரிந்து ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது என்றார். கணக்கு சரி, அதைச் செய்வது யார் என்பது தெரியவில்லை.

1837ஐ ஒட்டி பிரான்சின் காங்யார் த லா தூர், ஜெர்மனியின் ஷ்வான், கூட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே அந்த உருண்டைகள் உயிரிகள், மொட்டுவிட்டுப் பெருகுகின்றன என்று அறிவித்தார்கள். லீபிக் போன்ற பெரிய வேதியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. புளித்தல் என்பது வெறும் வேதிவினை, அதில் உயிருக்கு வேலையில்லை என்பது அவர்கள் வாதம்.

1856இல் பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் ஆலை ஒன்றில் சில தொட்டிகள் கெட்டுப் புளித்துப்போயின. ஆலைக்காரர் பிகோ, தம் மகனுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் லூயி பாஸ்டரிடம் உதவி கேட்டார். பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சாறு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்ட். கெட்டதில் அதைவிட மிகச் சிறிய குச்சி வடிவ உயிரிகள். அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புளிப்புக்கும் ஓர் உயிரி உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். இட்லி மாவு புளிப்பதும் மோர் புளிப்பதும் பழைய சோறு புளிப்பதும் கள் புளிப்பதும் வேறு வேறு கூட்டத்தின் வேலை என்பது அங்கிருந்து தெளிவானது.

வேதியியலாளர்கள் பக்கத்திலும் பாதி உண்மை இருந்தது. 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். சாறு கெடாமலிருக்க அதில் சர்க்கரை சேர்த்தார். உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறு குமிழி விடத் தொடங்கியது. ஈஸ்ட்டுக்குள் இருக்கும் நொதிகள்தான் வேலையைச் செய்கின்றன. உயிர் அவற்றைத் தயாரித்துத் தருகிறது. 1907இல் பூக்னருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்வேதியியல் என்ற துறையின் அடித்தளங்களுள் ஒன்று அந்தக் கண்டுபிடிப்பு.

குன்னத்துக் கடலும் ஈஸ்ட்டின் தந்திரமும்

ஈஸ்ட் ஏன் இப்படிச் செய்கிறது? ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுமையாக எரித்து ஏடிபி என்னும் செல்லின் ஆற்றல் நாணயங்களை நிறையப் பெறலாம். அதையே ஆல்கஹாலாக மாற்றி நிறுத்திக்கொண்டால் கிடைப்பது இரண்டே. காற்றில்லாத இடத்தில் வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆனால் சைடரையும் ரொட்டியையும் உண்டாக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட், சர்க்கரை நிறைய இருந்தால், காற்று இருக்கும்போதுகூட ஆல்கஹாலையே செய்கிறது. நிறையக் கிடைப்பதை விட்டு இரண்டைப் பிடிக்கும் இந்தப் போக்கு முதல் பார்வைக்கு நட்டமாகத் தெரியும்.

பதில் போட்டியில் இருக்கிறது. உதிர்ந்த பழம் ஒரு பெரிய விருந்து. அதற்குப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பாய்ந்து வரும். ஈஸ்ட் சர்க்கரையை வேகமாக விழுங்கி ஆல்கஹாலாக்கிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். மற்றவற்றுக்குச் சர்க்கரை மிஞ்சாது. ஆல்கஹால் அவற்றுக்கு நஞ்சாகவும் நிற்கும். களம் காலியானதும் ஈஸ்ட் அந்த ஆல்கஹாலையே ஆக்சிஜனோடு எரித்து, விட்டுவைத்த ஆற்றலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சைடர் செய்கிறவர் காற்றை அடைப்பதால் இந்த இரண்டாவது கட்டம் நடக்காமல் போகிறது. ஆல்கஹால் பானையிலேயே தங்குகிறது.

இந்தத் தந்திரம் எப்போது வந்தது என்பதற்கான விடை குன்னத்துக்காரர்களுக்குத் தனிச் சுவை உடையது. ஈஸ்ட்டின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டிப்பானது. அது நடந்தது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணிக்கிறார்கள். ஆல்கஹாலைச் செய்யும் நொதி, அதைத் திரும்ப எரிக்கும் நொதி என்று ஒரே மரபணு இரண்டாகப் பிரிந்ததும் கிரெட்டேசியஸ் என்னும் அந்த நிலவியல் காலத்தில்தான். 2005இல் ஸ்டீவன் பென்னரின் குழு அந்தப் பழைய மூதாதை நொதியின் அமைப்பைக் கணித்து, ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கிச் சோதித்தது. அது ஆல்கஹாலைச் செய்யும் பக்கமே சாய்ந்திருந்தது. திரும்ப எரிக்கும் திறமை பிறகு வந்தது. பூக்கும் தாவரங்கள் பெருகிச் சதைப்பற்றுள்ள கனிகள் உலகில் பரவத் தொடங்கிய காலமும் அதுவே.

அந்தக் காலத்தில் குன்னம் கடலுக்கடியில் இருந்தது. இன்றைக்கு ஊட்டத்தூர், காரை, குன்னம், அரியலூர் என்று விரியும் படிவப் பாறைகள் அந்தக் கிரெட்டேசியஸ் கடலின் தரை. அம்மோனைட் சுருள்களும் சிப்பிகளும் உழவுச்சாலில் அகப்படும் நிலம் இது. பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா போன்ற நிலவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாறைகளை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையுடைய, 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம் ஊசியிலை வகை. பூக்காதது, பழம் தராதது. அந்த மரத்துக்கும் செந்துறையின் முந்திரி மரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பழம் என்ற ஒன்று உலகில் பெருகியது, அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் தன் தந்திரத்தைக் கற்றது.

மணம் எதற்கு?

ஈஸ்ட்டுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. ஒரு பழம் தீர்ந்ததும் அடுத்த பழத்துக்கு எப்படிப் போகும்? யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழ ஈக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. குளவிகளும் செய்கின்றன, 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் குளவியின் குடலுக்குள்ளேயே ஈஸ்ட் குளிர்காலத்தைக் கழித்துப் பிழைப்பதைக் காட்டினார்கள்.

அந்தப் பூச்சிகளை அழைக்க ஈஸ்ட் பயன்படுத்துவது மணம். ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர்கள் மிகச் சிறிய அளவிலேயே மூக்கை எட்டிவிடும். ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரை முகர்ந்தால் வாழைப்பழ வாசனை. எத்தில் ஹெக்சனோவேட் என்றால் ஆப்பிள் வாசனை. 2014இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் இந்த எஸ்டர்களை உண்டாக்கும் ஏடிஎஃப்1 என்ற மரபணுவை ஈஸ்ட்டிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். மணம் குறைந்த ஈஸ்ட்டை நோக்கி ஈக்கள் வருவதும் குறைந்தது. சைடரை ரசிப்பவர் போற்றும் பழமணத்தில் ஒரு பங்கு, உண்மையில் ஈக்களுக்கு விடுத்த அழைப்பு.

மணமூட்டிய சைடர் செய்கிறவர்கள் இதற்கு மேல் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறார்கள். இஞ்சியின் ஜிஞ்சரால், கிராம்பின் யூஜெனால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. ஆல்கஹால் கலந்த நீரில் கூடுதலாகக் கரையும். அதனால்தான் பொங்கி நுரைக்கும் முதல் கட்டம் அடங்கிய பிறகு மசாலைச் சேர்க்கிறார்கள். முன்கூட்டியே போட்டால் வெளியேறும் வாயு மணத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

குடுவைக்குள் நடக்கும் கணக்கு

லவாய்சியரின் கணக்கை ஒரு லிட்டர் சாற்றுக்குப் போட்டுப் பார்ப்போம். சாற்றில் 100 கிராம் சர்க்கரை இருந்தால், முழுதும் புளித்த பின் ஏறத்தாழ 51 கிராம் ஆல்கஹாலும் 49 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்க வேண்டும். ஈஸ்ட் தன் உடலைக் கட்டிக்கொள்ளவும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், நடைமுறையில் கிடைப்பது கொள்ளளவில் ஐந்து, ஆறு சதவீத ஆல்கஹால். ஆப்பிள் சைடர் பொதுவாக அந்த அளவில் நிற்பதன் காரணம் இதுதான்.

அந்த 49 கிராம் வாயு நம் ஊர் வெப்பத்தில் 25 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 25 லிட்டர் வாயு! இறுக மூடிய கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதறுவது இதனால்தான். சைடர் குடுவைகளின் வாயில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாயைப் பொருத்துவார்கள். உள்ளேயிருந்து வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையாது.

யார் முதலில் வருகிறார்கள் என்பதும் முக்கியம். புதிய பழத்தின் தோலில் சாக்கரோமைசிஸ் அரிது. எலுமிச்சை வடிவ ஹன்செனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்ட்டுகளே அங்கே மிகுதி. புளிப்பைத் தொடங்குவது அவைதான். ஆல்கஹால் ஏற ஏற அவை தளர்ந்துபோகும், சாக்கரோமைசிஸ் களத்தைப் பிடிக்கும். இந்த ஓட்டத்தை அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சுவை வரும். மாறாத சுவை வேண்டுவோர் முதலில் சல்ஃபைட் சேர்த்துக் காட்டு உயிரிகளை அடக்கி, பிறகு தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை இடுகிறார்கள்.

வெப்பம் இன்னொரு கடிவாளம். ஐரோப்பியச் சைடர் 12 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் மெல்லப் புளிக்கிறது. அரியலூரின் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தாறுமாறாக வேலை செய்து, தலைவலிக்கும் காரமான வாடைக்கும் காரணமான கனத்த ஆல்கஹால்களைக் கூடுதலாக விடும்.

கடைசிக் கடிவாளம் காற்று. குடுவையைத் திறந்து வைத்தால் அசிட்டோபாக்டர் வந்து சேரும். அது ஆல்கஹாலை ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்கும். ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய ஒரு சதவீத அமிலம் என்பது கணக்கு. ஐந்து சதவீதச் சைடர் அப்படியே சமையல் வினிகராக மாறிவிடும். மது செய்வோர் அஞ்சும் அதே பாக்டீரியா வினிகர் செய்வோருக்குத் துணை.

சுண்ணாம்பு தடவிய பானை

நிறுத்தும் வித்தையைத் தமிழர்கள் ஆப்பிளிடம் கற்கவில்லை, பனையிடம் கற்றார்கள். பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு. வெறும் பானையில் இறக்கினால் சில மணி நேரத்திலேயே அது புளித்துக் கள்ளாகிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அதே சாறு பதநீர். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு இழுத்துச் செல்கிறது. ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் அது ஒத்துவராது. பாஸ்டருக்கு வெகுகாலம் முன்பே, நுண்ணோக்கி இல்லாமலே, நுண்ணுயிரியைக் கட்டுப்படுத்தும் ஒரு முறையைப் பனையேறிகள் அன்றாடத் தொழிலாக வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டின் அறிவியல் வரலாற்றை எழுதும்போது அவர்களுக்கும் ஒரு பக்கம் தர வேண்டும்.

கள் இறக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி, வீட்டுக் குடுவையில் மது புளிக்கவைப்பதும் குற்றமே. ஆப்பிளானாலும் முந்திரியானாலும் இதில் வேறுபாடில்லை. ஆகவே சைடரின் வேதியியல் நமக்கு அறிவு. அதை வீட்டில் செய்துபார்க்கும் இடம் நம் மாநிலம் அன்று.

புளிக்கவைப்பதே விஷச் சாராயத்தை உண்டாக்கும் என்ற தவறான எண்ணத்தையும் இந்த இடத்தில் களைய வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். பழத்தின் பெக்டினிலிருந்து புளிக்கும்போதும் மெத்தனால் துளியளவு உண்டாகும். ஆனால் வடிக்காத சைடரில் அது உயிரைப் பறிக்கும் அளவை எட்டுவதில்லை. கூட்டமாக மக்களைக் கொல்லும் மெத்தனால் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது; மனிதர்கள் அதைக் கலப்பதால் வருவது. உடல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை. நிறத்திலோ மணத்திலோ நல்ல ஆல்கஹாலுக்கும் மெத்தனாலுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்கக் குடிப்பவரால் முடியாது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

காட்டில் விட்டுவந்த பழம்

முந்திரிச் சாற்றைப் புளிக்கத் தொடங்கும் முன்பே நிறுத்துவதற்கு இரண்டு காரியங்கள் தேவை: டானினை நீக்குவது, ஈஸ்ட்டை அடக்குவது. முதல் காரியத்துக்கான பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. வடித்த கஞ்சியைச் சாற்றில் கலந்து வைத்தால் அதன் மாவுப்பொருளோடு டானின் சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றை இறுத்துக்கொள்ளலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடக்கத்தரை முந்திரி ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறையில் ஜவ்வரிசி பயன்படுகிறது. ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்துக் கலந்து, பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கமறல் பெருமளவு நீங்கிவிடும். அந்நேரத்தில் சாறு புளித்துவிடாமல் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பு பட்டால் டானின் கறுத்துப்போகும்.

இரண்டாவது காரியத்துக்கு வழி பாஸ்டர் காட்டியது: சூடாக்குவது. பிரேசிலின் வடகிழக்கில் முந்திரிச் சாற்றைத் தெளியவைத்து, பாட்டிலில் அடைத்து, கொதிநீரில் நிறுத்திக் காய்ச்சுகிறார்கள். சாற்றின் சர்க்கரை சற்றே கருகி, பானம் பொன்னிறமாகும். கஜுயினா என்று பெயர் கொண்ட அதில் ஆல்கஹால் கிடையாது. பியாவி மாநிலத்தில் அதைச் செய்யும் மரபை 2014இல் பிரேசில் அரசு பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. நம் முந்திரி எந்த மண்ணிலிருந்து வந்ததோ, அந்த மண் பழத்துக்கு இந்த மரியாதையைத் தருகிறது. இஞ்சியும் எலுமிச்சையும் ஏலமும் சேர்த்து நம் நாக்குக்கேற்ற ஒரு கஜுயினாவைச் செந்துறையில் செய்வதற்கு வேதியியலில் எந்தத் தடையும் இல்லை.

சாற்றை ஈஸ்ட்டிடமும் பிறகு அசிட்டோபாக்டரிடமும் ஒப்படைத்துக் கடைசிவரை போகவிட்டால் வினிகர். இந்திய உணவுத் தரவிதி புளிக்கவைத்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீத அசிட்டிக் அமிலம் கேட்கிறது. முந்திரிச் சாற்றின் சர்க்கரை அந்த அளவை எட்டப் போதும். நடுக்கட்டத்தில் ஆல்கஹால் உண்டாவதால், தொழிலாகத் தொடங்குவோர் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இதற்கான அறிவு தொலைவில் இல்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் விஆர்ஐ வரிசை முந்திரி ரகங்களைத் தந்த இடம். பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூருக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. குறைவாக இருப்பது நேரம் மட்டுமே. உதிர்ந்த பழத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் சாறு பிழிய வேண்டும், தெளியவைக்க வேண்டும், சூடாக்கி அடைக்க வேண்டும். ஆகவே எங்கோ தொலைவிலுள்ள பெரிய ஆலையால் இந்தப் பழத்தைக் காப்பாற்ற முடியாது. காட்டை ஒட்டிய ஊரிலேயே பிழியும் எந்திரமும் கொதிகலனும் வைத்து நடத்தும் சிறு கூடங்கள் வேண்டும். மகளிர் குழுக்களாலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களாலோ செய்யக்கூடிய அளவுதான் அது. கொட்டைக்கு மட்டும் கூலியும் விலையும் பார்த்த குடும்பத்துக்கு, அதே மரத்தின் அதே பருவத்தில் இரண்டாவது வருமானம் கிடைக்கும். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் நம் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே நிபந்தனை.